இன்சுலின் பம்ப் வைக்கலாமா? செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

“பம்ப் வைத்துப் பார்க்கலாமே” என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வீட்டில் வேறு பேச்சே இருக்காது. ஒருவர் விலையை விசாரிப்பார், ஒருவர் யூடியூபைத் திறப்பார், சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா “உடனே வாங்குங்க, நான் பணம் அனுப்புறேன்” என்பார். என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. சில ஆண்டுகள் பேனா மாதிரி இருக்கும் பென் ஊசி போட்டாள், இப்போது பம்ப் வைத்திருக்கிறாள். காரைக்குடியில் இருந்துகொண்டு இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில், இந்த முடிவை முதல்முறையாக எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்து ஒரே வரி எழுதுங்கள்: எந்தக் கஷ்டம் தீருவதற்காகப் பம்ப்? “சுகர் கட்டுப்பாட்டில் இல்லை” என்று எழுதினால் போதாது. “விடிகாலை நாலு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடாமலே ஏறுகிறது”, “சுகர் இறங்குவது அவளுக்குத் தெரிவதே இல்லை” என்கிற அளவுக்குக் குறிப்பாக எழுத வேண்டும். அப்படி எழுத வரவில்லை என்றால் வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை என்றே நான் சொல்வேன்.

கருவி என்ன செய்கிறது

சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு பெட்டி. உள்ளே இன்சுலின் நிரப்பிய சின்னக் குப்பி. அதிலிருந்து மெல்லிய குழாய் வந்து, வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் நிற்கும் மிருதுவான குழல்முனையில் முடிகிறது. இதை ஊசிமுனை என்போம். பென் ஊசிக்காரர்கள் நாள் முழுக்க நிற்கும் மருந்து ஒன்று, சாப்பாட்டுக்கு வேகமருந்து ஒன்று என இரண்டு வகை போடுவார்கள். பம்பில் வேகமருந்து மட்டும்தான். அதையே சொட்டுநீர்ப் பாசனம் மாதிரி இருபத்து நாலு மணி நேரமும் துளித்துளியாக விடுகிறது. இதற்குப் பேசல் என்று பெயர். சாப்பிடும்போது நாம் பட்டனை அழுத்திக் கூடுதலாக விடுவது போலஸ். பேசல் அளவை மணிக்கு மணி மாற்றி வைக்கலாம். விடிகாலையில் ஏறுகிறவருக்கு அந்த நேரத்துக்கு மட்டும் கூட்டிவைக்கலாம்.

பம்ப் தானாகச் சுகரைப் பார்க்காது. அதற்குத் தனியாகச் சென்சார் ஒட்ட வேண்டும். இரண்டும் பேசிக்கொள்ளும் தானியங்கி வகைகள் இருக்கின்றன. மெட்ரானிக்கின் 780ஜி இந்தியாவில் கிடைக்கும் அப்படியொரு மாடல். சென்சார் சொல்வதைப் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டிக் குறைக்கும். அதிலும்கூட, சாப்பிடப் போகிறோம் என்பதையும் அதில் எவ்வளவு மாவுச்சத்து என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். “மெஷின் எல்லாத்தையும் பாத்துக்கும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

யாருக்கு நிஜமாகவே உதவும்

சுகர் இறங்குவதை உடம்பு காட்டிக்கொடுக்காத நிலைக்குப் போய்விட்டவர்களுக்கு, ராத்திரியில் மயக்கம் வருகிறவர்களுக்கு, விடிகாலை ஏற்றம் உள்ளவர்களுக்கு உதவும். குழந்தை பெறத் திட்டமிடும் டைப் 1 பெண்களும் டாக்டரிடம் இதைப் பேசலாம். முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள். ஒரு யூனிட் இன்சுலின் முப்பது கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கிற பிள்ளை ஒரு இட்லி சாப்பிட்டால் தேவைப்படுவது 0.4 யூனிட். குழந்தைகளுக்கான பென்னிலேயே அரை யூனிட்டுக்குக் கீழே போட முடியாது. பம்பால் முடியும். பேசலை மணிக்கு 0.025 யூனிட் என்ற அளவுக்குக்கூட இறக்கி வைக்கும் கருவிகள் உண்டு.

பிரிட்டனில் அரசு செலவில் பம்ப் கொடுப்பதற்கு 2008இல் ஒரு வரையறை வைத்தார்கள். டைப் 1 உள்ள பெரியவர்கள், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால், தினமும் பல ஊசி முறையை ஒழுங்காகச் செய்தும் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 8.5 சதவீதத்துக்குக் கீழே வரவில்லை, அல்லது வாழ்க்கையையே முடக்கும் அளவுக்கு லோ சுகர் வருகிறது, இந்த இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். நமக்கு அந்த விதி பொருந்தாது என்றாலும் யோசிக்க நல்ல அளவுகோல். “ஒழுங்காகச் செய்தும்” என்பதைக் கவனியுங்கள்.

டைப் 2 உள்ள பெரியவர்கள் பெரும்பாலானோருக்குப் பம்ப் தேவைப்படாது. அதிக அளவு இன்சுலின் போட்டும் அடங்காத சிலருக்கு மட்டும் டாக்டர் யோசிப்பார். கண் விழித்திரையில் பாதிப்பு இருப்பவர்கள், சுகர் மளமளவென்று இறங்கினால் அது முதலில் கொஞ்சம் மோசமாகக்கூடும் என்பதால், கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பென் ஊசியிலேயே சரிசெய்ய வேண்டியவை

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். நம் பக்கத்தில் பலரும் இன்னும் காலை ஒன்று, இரவு ஒன்று என்று கலவை இன்சுலின்தான் போடுகிறார்கள். அதிலிருந்து நேராகப் பம்புக்குத் தாவுவது சரியல்ல. நீண்ட நேர மருந்து ஒன்று, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் வேகமருந்து என்ற முறைக்கு முதலில் மாறுங்கள். சில மாதங்கள் அதில் பழகினால் உங்கள் உடம்பின் கணக்கு பிடிபடும். பலருக்கு அங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது, ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் போட்டுப் போட்டுத் தோலுக்கடியில் கொழுப்புத் திரண்டு கட்டியாகியிருந்தால் மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. சுகர் தாறுமாறாக ஓட அதுவே காரணமாக இருக்கலாம். அந்தக் கட்டியிலேயே பம்பின் ஊசிமுனையைக் குத்தினால் அதே கதைதான்.

1993இல் அமெரிக்காவில் வெளியான டிசிசிடி ஆய்வு, டைப் 1 நோயில் சுகரை இறுக்கிப் பிடித்தால் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் பெருமளவு குறையும் என்று காட்டியது. அதில் சுகரை இறுக்கிப் பிடித்த தரப்பில் சிலர் பம்ப், சிலர் பல ஊசி. 2017இல் பிரிட்டனில் வெளியான ரிபோஸ் ஆய்வில், இரு தரப்புக்கும் ஒரே மாதிரி பயிற்சி கொடுத்து, ஒரு தரப்புக்கு மட்டும் பம்ப் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து இரு தரப்புமே முன்னேறியிருந்தது, இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. அது பழைய வகைப் பம்ப். தானியங்கி வகையில் பலன் கூடுதல்தான். 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 70 முதல் 180க்குள் சுகர் நிற்கும் நேரம் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் போலக் கூடியது. ஆனாலும் பயிற்சி இல்லாத வீட்டில் கருவி மட்டும் போய் எதையும் சாதிக்காது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இலையில் என்ன இருக்கிறது

பம்ப் வைத்தவர் தினமும் செய்ய வேண்டிய வேலை மாவுச்சத்துக் கணக்கு. இதை வாங்குவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். சமையலறைக்கு ஒரு மின்தராசு வாங்குங்கள். அந்த சில நூறு ரூபாய்ச் செலவு லட்ச ரூபாய்க் கருவியைவிட முதலில் வர வேண்டியது. வடித்த சோறு நூறு கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. நடுத்தர இட்லி ஒன்றில் 12 கிராம் போல. உங்கள் வீட்டு இட்லித்தட்டு பெரிது என்றால் நிறுத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பத்து கிராமுக்கு ஒரு யூனிட் என்று டாக்டர் சொல்லியிருந்தால், நாலு இட்லிக்கு 4.8 யூனிட், சாம்பாரில் உள்ள பருப்புக்குக் கொஞ்சம் சேர்த்து.

இட்லி சுலபம். நம் ஊர்ப் பலகாரத்தில்தான் கணக்கு தடுமாறும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம் எல்லாம் எண்ணெயில் பொரித்தவை. கொழுப்பு வயிற்றைத் தாமதப்படுத்துவதால் சுகர் உடனே ஏறாது, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஏறும். சாப்பிட்ட உடனே முழு மருந்தும் விட்டால் முதலில் இறங்கி, பிறகு ஏறும். பம்பில் போலஸைப் பிரித்துவிட முடியும். பாதியை இப்போது, மீதியைச் சில மணி நேரத்தில் மெதுவாக. ஊசியில் இதற்கு இரண்டு முறை குத்த வேண்டியிருக்கும். (சில கருவிகளில் தானியங்கி முறை ஓடும்போது இந்த வசதி வேலை செய்யாது. வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.) கவுனி அரிசி வேறு ரகம். கறுப்பரிசி நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் நாம் அதைச் சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டு இனிப்பாக்கித்தானே சாப்பிடுகிறோம்? சீனியையும் அரிசியையும் சேர்த்தே எண்ண வேண்டும். கும்மாயத்திலும் கருப்பட்டியோ வெல்லமோ எவ்வளவு போட்டீர்கள் என்பது கிண்டியவருக்குத்தான் தெரியும். அளந்து போட்டு, மொத்தத்தை எடைபோட்டுப் பங்கு பிரித்தால் கணக்கு வந்துவிடும்.

கல்யாண வீட்டுப் பந்தியில் ஒன்று சொல்ல வேண்டும். வேகமருந்தைச் சாப்பாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் விடுவது வழக்கம். பந்தியில் அப்படிச் செய்யாதீர்கள். உட்கார்ந்த பிறகும் இலைக்குச் சோறு வர எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாப்பாடு இலையில் விழுந்த பிறகு பட்டனை அழுத்துங்கள். “இன்னும் ஒரு பணியாரம் வச்சுக்க ஆத்தா” என்று ஆச்சிமார்கள் அன்போடு வைப்பதற்கு, தனியாக ஒரு சின்ன போலஸ் விடலாம். என் மகளுக்குப் பம்பில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

பணம்

முதல் விலை பல லட்சம் ஆகலாம். அதைவிட முக்கியம் மாதச் செலவு. ஊசிமுனையும் குழாயும் சேர்ந்த செட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆக மாதத்துக்குக் குறைந்தது பத்து செட், பத்துக் குப்பி. ஏழு நாள் சென்சார் என்றால் மாதம் நாலைந்து. எல்லாம் சேர்ந்தால் மாதம் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும், தானியங்கி வகையில் இன்னும் மேலே. கழன்று விழும் சென்சார், வளைந்துபோகும் ஊசிமுனை ஆகியவற்றுக்கும் சேர்த்து வையுங்கள்.

கருவியை வாங்கித்தர மாமா வருவார், ஊர்க்காரர் யாராவது உதவுவார், அறக்கட்டளை உதவலாம். மாதாமாதம் செட் வாங்கித் தருகிறேன் என்று யாரும் வருவதில்லை. ஐந்து ஆண்டுக்கான மொத்தச் செலவைக் கணக்குப் போட்டு, அதில் உறவுக்காரர் பணத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கடன் வாங்காமல் தாங்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அதே பணத்தில் சென்சார் மட்டும் வாங்கிப் பென் ஊசியோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். அதிலேயே ராத்திரி லோ சுகருக்கு அலாரம் அடிக்கும் வகைகள் உண்டு. பணநெருக்கடியில் உள்ள குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மருத்துவக் காப்பீடு இருந்தால் கருவிக்கும் உபகரணத்துக்கும் தருவார்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

இன்சுலினிலும் ஒரு கவனம் வேண்டும். நம்மூர் மருந்துக்கடைகளில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிகள் சகஜம். அதற்கு சிவப்பு மூடி ஊசி. பம்ப் கணக்குப் போடுவது மில்லிக்கு 100 யூனிட் என்று. மாற்றி நிரப்பினால் வேண்டியதில் பாதிகூட உள்ளே போகாது. லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேகமருந்து, 100 யூனிட் வகை, இதை ஒவ்வொரு முறையும் அட்டையைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

பம்ப் நின்றால்

வாங்கலாமா என்ற முடிவில் நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். பென் ஊசிக்காரருக்கு ஒரு வேளை தவறினாலும் நீண்ட நேர மருந்து உள்ளே இருக்கும். பம்பில் அந்தக் கையிருப்பு கிடையாது. குழாய் மடங்கினால், ஊசிமுனை வெளியே வந்துவிட்டால், காற்றுக்குமிழி அடைத்தால், சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இருக்காது. அப்போது ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரத் தொடங்கும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

காரணம் புரியாமல் சுகர் 250ஐத் தாண்டினால் பம்பில் ஒரு திருத்த போலஸ் விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கவில்லை என்றால் பம்பை நம்ப வேண்டாம். அடுத்த அளவைப் பென் ஊசியில் போட்டு, செட்டைக் கழற்றிப் புதுசு மாற்றி, கீட்டோன் பாருங்கள். இதில் உங்கள் டாக்டர் வேறு எண்கள் சொன்னால் அவர் சொன்னதுதான். வீட்டில் எப்போதும் வேகமருந்துப் பென், நீண்ட நேர மருந்துப் பென், ஊசிகள், கீட்டோன் ஸ்ட்ரிப், குளுக்கோஸ், மாற்று பேட்டரி இருக்க வேண்டும். பேசல் அளவுகளைத் தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். கருவி பழுதானால் அளவுகளும் அதோடு போய்விடும்.

வாந்தி வந்தால் ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். பம்ப் வைத்த பிள்ளைக்கு வாந்தி என்றால் முதலில் கீட்டோன். ரத்தக் கீட்டோன் 3ஐத் தொட்டாலோ, கீட்டோன் இருந்து வாந்தியும் நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. உங்கள் சர்க்கரை டாக்டர் மதுரையிலோ திருச்சியிலோ இருக்கலாம். அங்கே போய்ச் சேர ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அதனால் காரைக்குடியில், தேவகோட்டையில், புதுக்கோட்டையில், எது பக்கமோ அங்கே இருபத்து நாலு மணி நேரமும் சலைனும் இன்சுலினும் ஏற்றக்கூடிய இடம் எது என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள். ராத்திரி தனியாக இதையெல்லாம் செய்யத் தெரிந்த இரண்டு பேர் வீட்டில் உண்டா? பிள்ளையின் அப்பா வெளிநாட்டில், வீட்டில் அம்மாவும் வயதான அப்பத்தாவும் மட்டும் என்றால், இரண்டாவது ஆளாக யாரைப் பழக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் வாங்காதீர்கள்.

வெயில், உடை, குளம், பயணம்

பம்பில் உள்ள வேகமருந்து 37 டிகிரிக்கு மேல் சூடானால் அதை மாற்றிவிட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் வெயில் அதைத் தாண்டும். வளவுக்குள், தடித்த சுவர் வீட்டுக்குள் கவலையில்லை. மத்தியானம் ஸ்கூட்டரில் போகும்போதும், நிறுத்திவைத்த காருக்குள்ளும்தான் ஆபத்து. கருவியை உடைக்குள், வெயில் படாமல் வையுங்கள். வியர்வையில் ஒட்டு கழன்றுகொண்டே இருக்கும். மேலே ஒரு பிளாஸ்டர் கூடுதலாக ஒட்டினால் தாங்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த இன்சுலினைச் சில்லென்றே நிரப்பினால் பிறகு சூடாகிக் குமிழி வரும். வெளியில் வைத்து அறைச்சூட்டுக்கு வந்ததும் நிரப்புங்கள். மின்தடையில் கருவி நிற்காது. சாதாரணப் பேட்டரியில் ஓடும் மாடல் என்றால் நம் ஊருக்கு வசதி.

சேலைக்கு உள்பாவாடை நாடாவில் சின்னத் துணிப்பை, வேட்டிக்கு இடுப்பு பெல்ட், பிள்ளைகளுக்கு உள்சட்டையில் தைத்த பை போதும். சட்டை கழற்றும் கோயிலிலும் பெல்ட் நிற்கும். “ஏத்தா, ராத்திரி புரண்டு படுத்தா ஒயர் பிடுங்கிக்காதா?” என்று எங்கள் வீட்டில் அப்பத்தா கேட்டார்கள். குழாயை ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டிவைத்தால் பிடுங்காது. ஊருணியிலோ குளத்திலோ குளிக்கும்போது கருவியைக் கழற்றலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகிறவர்களுக்குப் பம்ப் பெரிய உதவி. நாள் முழுக்க நடந்தால் சுகர் இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் போட்டுவிட்ட நீண்ட நேர ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. பம்பில் பேசலை அன்றைக்கு மட்டும் குறைத்து வைக்கலாம். எவ்வளவு என்று கிளம்புமுன் டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் கருவியை எக்ஸ்ரே பெட்டிக்குள் விடாதீர்கள், டாக்டர் கடிதத்தைக் காட்டிக் கைச்சோதனை கேளுங்கள். இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும். இறங்கியதும் பம்பின் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். எம்ஆர்ஐ எடுக்கும் அறைக்குள் பம்போடு போகவே கூடாது.

கையெழுத்துப் போடுமுன்

டாக்டரிடம், அவர் கையில் எத்தனை பேர் பம்ப் வைத்திருக்கிறார்கள், ராத்திரி பிரச்சினை என்றால் யாரை அழைப்பது என்று கேளுங்கள். கம்பெனிக்காரரிடம் கேட்க வேண்டியவை வேறு. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் மாற்றுக் கருவி காரைக்குடிக்கு எத்தனை நாளில் வரும், செட்டுகள் கூரியரில் வருமா, தமிழில் பயிற்சி உண்டா? பதிலில் திருப்தி இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். யாரோ பயன்படுத்திய பழைய பம்ப் மலிவாகக் கிடைத்தால், கம்பெனி சர்வீசும் செட்டும் கிடைக்கும் என்று உறுதியாகாமல் தொடாதீர்கள்.

வாங்குமுன் சோதனைக்குக் கேளுங்கள். இன்சுலினுக்குப் பதில் சலைன் நிரப்பி, பென் ஊசியையும் வழக்கம்போலத் தொடர்ந்து, சில நாள் போட்டுப் பார்க்கலாம். தூங்கி, குளித்து, பள்ளிக்கூடம் போய், கபடி விளையாடிப் பார்த்தால் தோலில் அரிப்பு வருகிறதா, பிள்ளைக்கே இஷ்டமா என்பது தெரிந்துவிடும். பிள்ளை வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், அடுத்த வருடம் அதுவே கேட்கலாம்.

வாங்கிவிட்டால் முதல் சில வாரம் கல்யாணம், பயணம், தேர்வு எதுவும் இல்லாத நாட்களாகப் பார்த்துத் தொடங்குங்கள். அளவுகள் படிய நேரம் எடுக்கும், தினமும் டாக்டர் குழுவோடு பேச வேண்டியிருக்கும். மூன்று மாதம் கழித்து அந்த முதல் தாளை எடுத்து எச்பிஏ1சி அறிக்கையையும் சென்சார் அறிக்கையையும் பக்கத்தில் வையுங்கள். 70 முதல் 180க்குள் நாளின் 70 சதவீத நேரமாவது நிற்கிறதா, 70க்குக் கீழே 4 சதவீதத்துக்கும் குறைவா என்று பாருங்கள். எழுதிய கஷ்டம் குறையவில்லை என்றால், டாக்டரிடம் பேசிப் பென் ஊசிக்குத் திரும்பலாம்.